பெனிக்னாவின் ரிப்பன்

7

கிழக்கு ஜெர்மனியின் நீடர்வால்டாவில் ஒரு விதவை நூறு வருஷமாக ஊருக்கே சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது விதவை பேக்கரி. அதற்கடுத்து விதவை மருந்துக்கடை. இலையுதிர்காலத்தில் விதவை மாரத்தான் நடக்கும். ஓடுகிற பெண்கள் அத்தனை பேர் கையிலும் வெள்ளை ரிப்பன் கட்டிவிடுவார்கள், புருஷன் பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாலும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர் மியூசியத்தில் தொங்கும் ஒரே ஒரு படம். ஓவியர் காட்லோப் வைன்ஹோல்ட் 1823-இல் தன் தங்கை பெனிக்னாவை உட்கார வைத்து வரைந்தது. வெள்ளைக் குல்லாய். தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட வெள்ளை ரிப்பன். ரிப்பனின் இரண்டு வாலும் மார்பில் இறங்கி, படத்தின் அடியில் மரச் சட்டத்துக்குள் நுழைந்து மறைந்துவிடும்.

அந்த வாலைப் பிடித்து இழுக்கத்தான் நானும் தலைவியும் அன்று காலை அங்கே போய் நின்றோம்.

தலைவி என்று நான் சொல்வது கெர்லிண்டே ப்ராஷை. கெர்லிட்ஸ் போலீஸிலிருந்து சண்டை போட்டு வெளியே வந்து, தனியாகத் துப்பறிகிறவர். பேசுவதைவிட ஊறவைத்த வெள்ளரிக்காய் கடிப்பது அதிகம். கைப்பையில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். நான் ஹன்கா ஷோல்டா. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரம் ஓட்டினார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். படித்தது ஓவிய வரலாறு. அதனால் தலைவிக்குக் கார் ஓட்டுகிறேன்.

எங்களைக் கூப்பிட்டவர் ரோஸ்விதா ப்யோனிஷ். ரிட்டயரான பஸ் டிரைவர். வைன்ஹோல்ட் குடும்பத்தின் கடைசி ஆள். அவர் வீட்டிலும் இதே பெனிக்னா படம் ஒன்று உண்டு. 'எங்க வீட்டு நகல்' என்றுதான் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சட்டம் ஆடுகிறது, இறுக்கிக் கொடுங்கள் என்று அதை அவரே மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேதான் பிடித்தது சனி. மியூசியம் இயக்குநர் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார், மறுநாளே படத்தை விலைக்குக் கேட்டார். "அத்தையை விக்க மாட்டேன்" என்றார் ரோஸ்விதா. உடனே போலீஸில் புகார்: இந்தப் பெண், ஓவியரின் கையெழுத்தோடு போலிப் படம் தயார் செய்து ஊரை ஏமாற்றப் பார்த்தாள். படம் பறிமுதல். போலி என்று முடிவானால் அதை அழித்துவிடுவார்கள். ரோஸ்விதா சாகும்வரை மோசடிக்காரி.

இயக்குநரின் பெயர் டாக்டர் டாக்டர் அர்னுல்ஃப் ரேபெர்க். அச்சுப்பிழை இல்லை. இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறார், இரண்டையும் சொல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும். கிழக்கு ஜெர்மனிக்காரர்களாகிய எங்களுக்கு எங்களையே விளக்கிச் சொல்ல மேற்கிலிருந்து அனுப்பப்பட்ட எத்தனையோ பேரில் ஒருவர்.

"ஷோல்டாவா? சிறுபான்மை ஸோர்பிய இனத்துப் பேரு!" என்று என்னைப் பார்த்துப் பூரித்தார். "ஈஸ்டர் முட்டைக்கு அழகா வர்ணம் தீட்டுவீங்களே, அவங்கதானே நீங்க?"

"ஆமா டாக்டர். முட்டை அசலா போலியான்னு பார்த்துட்டுத்தான் தீட்டுவோம்."

"டாக்டர் டாக்டர்" என்று திருத்தினார்.

தலைவி படத்தின் எதிரே போய் நின்றுகொண்டார். "இதுல என்ன விசேஷம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

கேட்டிருக்கவே வேண்டாம். ரேபெர்க் தொண்டையைச் செருமினார். "இந்த ஊர்க் கிறிஸ்தவ சகோதர சபைப் பெண்களோட குல்லாய் ரிப்பன் ஒரு பாஷை. சின்னப் பெண்ணுன்னா சிவப்பு. கல்யாணம் ஆகாதவன்னா ரோஸ். ஆனவன்னா நீலம். புருஷன் போயிட்டா வெள்ளை. இந்த ஊர்ல பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். பெனிக்னா ரிப்பன் வெள்ளை. அதாவது விதவை! போரில் செத்துப்போன ஒரு சிப்பாயோட ரகசிய மனைவி. என்னோட 'வெண்மையின் மௌனம்' புத்தகத்துல நானூறு பக்கம் இதைத்தான் எழுதியிருக்கேன்."

"சபைப் பதிவுல அவ கல்யாணம் இருக்கா?" என்றார் தலைவி.

"இல்லை. அதனாலதான் ரகசியம்."

"சிப்பாய் பேரு?"

"தெரியாது. அவ்வளவு ரகசியம்."

"அப்ப கல்யாணம் நடந்ததுக்கு ஆதாரம், நடந்ததுக்கு ஆதாரமே இல்லாததுதானா?" என்றேன்.

"இங்க பாரும்மா, ஆய்வுன்னா என்னன்னு..."

"லைப்சிக் யுனிவர்சிட்டியில அஞ்சு வருஷம் சொல்லிக்கொடுத்தாங்க. இதைச் சொல்லித்தரல."

தலைவி என் காலை மிதித்தார். வலித்தது.

"ரோஸ்விதா படம் போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரேபெர்க் இதற்காகவே காத்திருந்தவர் போல் மலர்ந்தார். "வரைஞ்சவன் முட்டாள். சட்டத்தைக் கழட்டினேன். சட்டம் மறைச்ச இடத்துல, ஒரு விரல் அகலத்துக்கு, ரிப்பன் வால் ரோஸ் கலர்! முதல்ல கன்னிப்பெண்ணா வரைஞ்சிருக்கான். 'அடேய், அவ விதவைடா'ன்னு யாரோ சொன்னதும் மேலே வெள்ளையை இழுத்துவிட்டிருக்கான். ஓரத்தை மறந்துட்டான். பாவம்."

"உங்க படம் எப்பவும் இந்தச் சுவர்லதானா?"

"1911-ல மியூசியம் திறந்தப்ப வைன்ஹோல்ட் குடும்பம் கொடுத்தது. அன்னையிலேருந்து இதே வடக்குச் சுவர். ஒரு சொட்டு வெயில் பட்டதில்லை" என்று பெருமையோடு சொன்னார்.

தலைவி தலையாட்டினார். வெளியே போகும் வழியில் பரிசுப் பொருள் கடை. விதவை சோப்பு, விதவைக் குடை. 'நீங்களே வரையுங்கள் விதவை' என்று ஒரு பெட்டி: குட்டி கான்வாஸ், ஒரு தூரிகை, எண்ணெய் வர்ணம் நாலு குழாய். வெள்ளை, கறுப்பு, பழுப்பு, கன்னத்துக்கு ரோஸ். தலைவி ஒரு முழம் வெள்ளை ரிப்பன் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு? எனக்கு இன்னும் ஆளே கிடைக்கல, அதுக்குள்ள விதவையா?"

"பையில வை."

*

ரோஸ்விதாவின் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கும், தயிர்க்கட்டியும், அதன்மேல் ஊற்ற ஆளிவிதை எண்ணெயும் தயாராக இருந்தன. கிழக்கில் யாருக்காவது துக்கம் என்றாலும் முதலில் இதைத்தான் மேஜையில் வைப்பார்கள்.

"சாப்பிடுங்க. நான் போலியா அவிக்கல" என்றார். சிரிக்க முயன்று முடியவில்லை. "முந்தாநாள் சபையில அன்பு விருந்து. எல்லாரும் வரிசையா உக்காந்திருந்தோம். பன் தட்டு கை மாறி கை மாறி வருது. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவ, அந்தப் பக்கம் இருந்தவ கையில நேரா கொடுத்துட்டா. என் மூக்குக்கு முன்னாடியே போச்சு தட்டு. நாப்பது வருஷம் இந்த ஊரையே பஸ்ல ஏத்தி இறக்கியிருக்கேன். ஒருத்தரைக்கூட ஸ்டாப்பிங்ல விட்டுட்டுப் போனதில்லை."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "அன்பு விருந்துன்னு பேரு வேற!"

"ஹன்கா, சாப்பிடு" என்றார் தலைவி. அவர் உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை. வெள்ளரிக்காயைக் கடித்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் அங்கே மிச்சம். எதிரே பெரிய தெற்கு ஜன்னல். வெயில் கூடத்தில் கொட்டிக்கிடந்தது.

"ரோஸ்விதா, படம் எப்பவும் அங்கதான் இருந்துச்சா?"

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து. கூடத்துல வெளிச்சமான இடம் அதுதான். அத்தைக்கு வெளிச்சம் வேணும்னு அம்மா சொல்லும்."

"உங்க வால்பேப்பர்ல என்ன பூ?"

"ரோஜா."

"என்ன கலர்?"

"வெள்ளை. ஏன், நல்லா இல்லையா?"

"ஆணிக்குக் கீழ பாருங்க."

ரோஸ்விதா திரும்பினார். நானும் திரும்பினேன். படம் தொங்கிய இடத்தில் அதே அளவுக்கு ஒரு நீள்சதுரம். அதற்குள் இருந்த ரோஜாக்கள் வெள்ளை இல்லை. நேற்றுக் கடையில் வாங்கியது போலப் பளிச்சென்று ரோஸ் கலர்.

"அட... வாங்கும்போது சுவர் முழுக்க ரோஸ்தான்" என்றார் ரோஸ்விதா மெதுவாக. "வெயில்ல வெளுத்துருக்கு. படத்துக்குப் பின்னாடி இருந்தது மட்டும் தப்பிச்சுருக்கு."

நான் எழுந்த வேகத்தில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. "தலைவி! ரிப்பன்!"

"ம்."

"ரோஸ் ரிப்பன்தான் வரைஞ்சிருக்காரு! வெயில்ல வெளுத்துப்போச்சு. சட்டம் மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்கல. மேல யாரும் வெள்ளையே பூசல. ரோஸ்விதாவோடது போலி இல்ல, அசல்!"

"ம்."

"அவ விதவையே இல்ல! கல்யாணமே ஆகல! ரிப்பன் பாஷை தெரியாதவன் எவனாவது பார்த்திருந்தா, 'சாயம் போயிருக்குப்பா'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பான். இந்த ஊருக்குப் பாஷை தெரிஞ்சதுதான் வினை. வெள்ளையைப் பார்த்தானுங்க, விதவைன்னு படிச்சானுங்க, செத்த சிப்பாய் ஒருத்தனை உண்டாக்கினானுங்க, மாரத்தான் ஓடிட்டானுங்க!"

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுல அவளை எப்பவும் அத்தைன்னுதான் சொல்லுவோம். மாமான்னு ஒருத்தரைப் பத்தி யாரும் பேசினதே இல்ல. மியூசியத்துல பித்தளைப் பலகையில 'அசல்'னு எழுதி வெச்சிருந்தாங்களா, அப்ப நம்மகிட்ட இருக்குறது நகல்தான்போலன்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்."

"உங்க கொள்ளுத்தாத்தா கெட்டிக்காரர்" என்றார் தலைவி. "திறப்பு விழாவுக்குப் படம் கேட்டாங்க. வீட்டுல இருந்ததைப் பார்த்து யாரையோ வரையவெச்சுக் கொடுத்துட்டு, அத்தையைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டார். அதுக்குள்ள ரிப்பன் வெளுத்திருக்கும். நகல் எடுத்தவன் கண்ணுக்கு வெள்ளை தெரிஞ்சுது, வெள்ளையே போட்டான். அப்ப மியூசியம் படத்துல சட்டத்துக்குள்ள என்ன கலர் இருக்கணும்?"

"ஓரம்வரைக்கும் வெள்ளை."

"நாளைக்குக் காலையில ரெண்டு சட்டத்தையும் கழட்டிப் பார்த்துடலாம். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசறேன். ரேபெர்க்குக்கு நீ போன் போட்டு நேரம் கேளு."

"நானா? அந்தாளுகிட்டயா?"

"நீதான்."

நேரம் மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "மறுபடியும் எதுக்கும்மா? முட்டை ஏதாவது கொண்டுவர்றியா?" என்றார் அவர். அதற்கப்புறம் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று முழுசாக நினைவில்லை. வெயில், சாயம், சட்டத்துக்குள்ளே ரோஸ், 'உங்க விதவைக்கு உள்ளே ரோஸ் இல்லாட்டி அது நகல், உங்க நானூறு பக்கமும் பேக்கரிக்காரனுக்குப் பன் சுத்தத்தான் ஆகும்' என்பது வரை எல்லாமே வந்திருக்கிறது. பிறகு, ரொம்ப மரியாதையாக, "காலை பத்து மணிக்கு வாங்களேன்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு ராத்திரி முழுக்கப் படத்தோடு அவரைத் தனியாக விட்டிருக்கிறேன்.

தலைவியைப் பார்த்தேன். அடுத்த வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டிருந்தார்.

"திட்டுங்க."

"வாயில வெள்ளரிக்காய் இருக்கு."

*

இன்ஸ்பெக்டர் டீட்ஸே பறிமுதல் படத்தை ஒரு போர்வையில் சுற்றி மியூசியத்துக்குக் கொண்டுவந்திருந்தார். எப்போது சாப்பாட்டுக்குப் போகலாம் என்பதைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாத முகம். ரோஸ்விதா பஸ் கம்பெனிச் சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இருப்பதிலேயே நல்ல கோட்டு அதுதானாம்.

முதலில் ரோஸ்விதாவின் படம். சட்டம் கழன்றது. வெள்ளை ரிப்பன், கீழே வரவர அப்படியே வெள்ளை, சட்டத்தின் கோட்டுக்குக் கீழே சட்டென்று ரோஸ். கோடு போட்டு வெட்டிய மாதிரி. தலைவி வால்பேப்பர் கதையைச் சொன்னார். டீட்ஸே தலையைச் சொறிந்தார். "எங்க வீட்டுக் கார் சீட்டுகூட இப்படித்தான் வெளுத்துருக்கு."

"அடுத்தது அது" என்றார் தலைவி.

ரேபெர்க் தன் கையாலேயே விதவையை இறக்கினார். சட்டத்தைக் கழற்றினார். இரண்டு அடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஓரத்தில் ரோஸ்.

ஒரு விரல் அகலம். இரண்டு வாலிலும். பளிச்சென்று.

ரோஸ்விதாவின் முகம் வெளுத்துவிட்டது. ரேபெர்க்குக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். என் வாய்தான்.

"பார்த்தீங்களா" என்றார் ரேபெர்க் இனிமையாக. "எங்களோடதுலயும் ரோஸ். அசல்னா அசல்தான்."

டீட்ஸே புருவத்தைச் சுருக்கினார். "டாக்டர், ஒரு நிமிஷம். போன வாரம் ரோஸ் இருந்ததால அது போலின்னீங்க. இன்னைக்கு ரோஸ் இருக்குறதால இது அசல்ங்கறீங்க."

"டாக்டர் டாக்டர். ஆய்வு வளர்ந்துக்கிட்டே இருக்கும் இன்ஸ்பெக்டர். இந்த ரோஸ் வெளுத்துப்போகும்னு ஓவியருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே வரைஞ்சிருக்கார்! தங்கையைக் கன்னியா வரைஞ்சு, அவளை விதவையாக்கற பொறுப்பைக் காலத்துக்கிட்ட ஒப்படைச்சிருக்கார். நேத்து ராத்திரியே முதல் அத்தியாயம் எழுதிட்டேன். 'இளஞ்சிவப்பின் மௌனம்'. அந்தம்மா படம் போலிதான். போலி செஞ்சவன் எங்க ஓரத்தையும் எப்படியோ பார்த்துக் காப்பியடிச்சிருக்கான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடித்தே வைத்திருப்பேன். தலைவி என் தோளைத் தொட்டார்.

"வடக்குச் சுவர்ல ஒரு சொட்டு வெயில் பட்டதில்லைன்னீங்களே. அப்ப இது எங்க வெளுத்துச்சு?"

"அதுக்கு முன்னாடி! குடும்பத்துக்கிட்ட இருந்தப்ப!"

"சரி. இருக்கலாம்" என்று தலைவி ஒப்புக்கொண்டார். ரேபெர்க்குக்கு உயிர் வந்தது. "ஹன்கா, பையில ரிப்பன் இருக்கா?"

கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீயே துடை. அந்த ரோஸை. லேசா."

"தொடக்கூடாது!" ரேபெர்க்கின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "இருநூறு வருஷத்து வர்ணம்!"

"இருநூறு வருஷத்து வர்ணம்னா ஒண்ணும் ஆகாது" என்றார் டீட்ஸே. சாப்பாட்டை அவர் மறந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. "துடைம்மா."

விதவைக் கடையில் வாங்கிய வெள்ளை ரிப்பனை மடித்து, விதவையின் ரிப்பன் ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

என் கையில் இருந்த ரிப்பன் ரோஸ் ஆகிவிட்டது. படத்தின் ஓரத்தில், நான் துடைத்த இடத்தில், அடியிலிருந்து நல்ல வெள்ளை எட்டிப் பார்த்தது.

நான் பேசினேன். வேறு யார் பேசுவார்கள்?

"எண்ணெய் வர்ணம் ஒரு ராத்திரியில காயாது, டாக்டர் டாக்டர். ரெண்டு பட்டம் வாங்கியிருக்கீங்க, ஒரு தடவையாவது தூரிகையைத் தொட்டிருக்கலாம். வெளியே கடையில போய்ப் பார்க்கட்டுமா, எந்த விதவைப் பெட்டியில ரோஸ் குழாய் காணோம்னு?"

"இது... பராமரிப்புப் பணி..." என்றார் ரேபெர்க்.

"அதை ஸ்டேஷன்ல வந்து விவரமா சொல்லுங்க" என்றார் டீட்ஸே. "அந்த ரிப்பனை இப்படிக் கொடும்மா. அது எனக்கு வேணும்."

காரில் ஏறியதும் கேட்டேன். "நான் உளறினது நம்ம அதிர்ஷ்டம், இல்லையா தலைவி?"

"அதிர்ஷ்டமா?" தலைவி பாட்டில் மூடியைத் திருகினார். "அவர் படம் ஓரம்வரைக்கும் வெள்ளையாவே இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? 'அடடா, எனக்குத் தெரியாது, நானும் ஏமாந்துட்டேன்'னு கையை விரிச்சிருப்பார். ரோஸ்விதா படத்தைக் கழட்டின அன்னைக்கே அவருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. அதனாலதான் விலைக்குக் கேட்டார். கிடைக்கலைன்னதும் அழிச்சுடப் பார்த்தார். ஆனா அவருக்குத் தெரியும்ங்கறதை அவரே செஞ்சு காட்டினாத்தான் கேஸ் நிக்கும். அவர் ரோஸ் பூசணும். பூசணும்னா யாராவது அவர்கிட்ட போய் எல்லாத்தையும் கொட்டணும்."

"அதுக்குத்தான் போனை என்கிட்ட கொடுத்தீங்களா?"

"உனக்குச் சம்பளமே அந்த வாய்க்குத்தான்."

நான் காரைக் கிளப்பினேன்.

பெனிக்னா வீடு திரும்பினாள். ரோஸ்விதா அவளைப் பழைய ஆணியில் மாட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் எட்டாத சுவரில் புது ஆணி அடித்தார். "இவகிட்ட மிச்சம் இருக்குற ரோஸ் ஒரு விரல்தான். அதையாவது காப்பாத்தணும்." வால்பேப்பரில் அந்த நீள்சதுர ரோஜாத் தோட்டம் அப்படியே திறந்து கிடந்தது.

அந்த வாரமே பேக்கரியில் பலகை மாறியது. அதே கேக்தான், மேலே ரோஸ் க்ரீம், பெயர் 'கன்னி பெனிக்னா'. ஊர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. க்ரீமை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடியும் அன்பு விருந்து. ரோஸ்விதா எங்களையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பன் தட்டு கை மாறி கை மாறி வந்தது. போன தடவை அவரைத் தாண்டிக் கொடுத்த அதே பெண், இந்தத் தடவை தட்டை இரண்டு கையாலும் பிடித்து, "எடுத்துக்கோங்க சகோதரி" என்று நீட்டினாள். குரலில் தேன் ஒழுகியது.

ரோஸ்விதா ஒன்று எடுத்தார். தட்டை விடவில்லை. நிதானமாக இன்னொன்றையும் எடுத்துத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இது போன விருந்தோடது" என்றார்.